மூன்றாம் நம்பர் பெட்டி

பார்க்கலை போலயாம்! பவளக்கொடி பார்க்கலை போலயாம்! முப்பத்தோரு வருஷம் ரயில்வே பட்டறையில் மின்சாரப் பிரிவில் குப்பை கொட்டியவள், விரல் ரேகையெல்லாம் வார்னிஷ் ஏறி மழுங்கிப்போய் ஆதார் எடுக்கப் போன இடத்தில் நாலு தடவை துடைத்துத் துடைத்துக் கையை வைத்தவள், ஒரு பொம்மை ரயிலின் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். சொன்னவர் யாரென்றால் ஒரு பல் டாக்டர். டாக்டர் சந்தானகிருஷ்ணன், பொம்மை ரயில் சங்கத்தின் செயலாளர். பல்லைப் பார்க்கிற மனுஷன் பல்லைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதானே? மணி ஒன்பது. பத்து மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். வரட்டும். பவளக்கொடி மூன்றாம் நம்பர் பெட்டியை மேஜை நடுவில் இழுத்து வைத்தாள். கறுப்புப் பெட்டி, இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடி, எழுபது வருஷத்துப் பழசு. பக்கவாட்டில் அவள் ஒட்டிய வெள்ளைச் சீட்டு, 'சோதித்தது, நன்று' என்று எழுதி, தேதி போட்டு, கீழே அவளுடைய கையெழுத்து. அந்தக் கையெழுத்தின் மேலேயே, வேறு இடமே கிடைக்காத மாதிரி, ஒரு சிவப்பு ஸ்டிக்கர், 'விசில் டெட்'. பெட்டி பூராவும் இடம் கிடக்கிறது, பின்பக்கம் கிடக்கிறது, அடிப்பக்கம் கிடக்கிறது, இவள் பேர் மேலேதான் ஒட்ட வேண்டுமா? அவள் சுவரில் சுவிட்சைப் போட்டாள். பெட்டி மெல்ல ஹூம் என்றது. எதிரே கம்பியில் மாட்டியிருந்த பழைய கார் ஹெட்லைட் பல்பு மஞ்சளாக எரிந்தது. ஒரு மணி நேரம் ஓடட்டும், அவர் வரும்போது ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

இந்த வம்பெல்லாம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் இருந்த யாரோ ஒரு பெரியவர் செத்துப்போக, அவர் சேர்த்துவைத்த ரயில் செட்டையெல்லாம் பிள்ளைகள் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து டிரான்ஸ்ஃபார்மர், தனியாக இரண்டு விசில் கண்ட்ரோலர், எஞ்சின், கரிவண்டி, மூட்டை மூட்டையாகத் தண்டவாளம். அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்து ஓட்டிக் காட்டப்போகிறார்கள். அம்மா, உங்களை விட்டால் மதுரையில் இதைத் தொட ஆள் இல்லை என்று வீடு தேடி வந்தவர் இதே டாக்டர்தான். அவள் என்ன ஆசைப்பட்டா கேட்டாள்? வந்த அன்றே சொல்லிவிட்டாள், இது அமெரிக்கப் பெட்டி, நூற்றுப் பத்து வோல்ட், நம் வீட்டு இருநூற்று முப்பதில் நேரே சொருகினால் புகைதான் வரும், நடுவில் இறக்கிக் கொடுக்கிற பெட்டி ஒன்று வேண்டும் என்று. அவர், அப்படியா, நல்லவேளை, நேற்றே சொருகப் பார்த்தேன் என்று சிரித்தார். சிரிப்பு வேறு. பழைய வயரெல்லாம் முறுக்கு மாதிரி நொறுங்கியது, ஐந்துக்கும் மாற்றினாள். உடம்பில் கரண்ட் கசிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதல் பெட்டியின் சுருள் கருகியிருந்தது, செத்தது என்று எழுதினாள். அவள் ஒன்றும் எல்லாவற்றுக்கும் நன்று நன்று என்று எழுதிக் கொடுக்கிறவள் இல்லை. இரண்டாவதற்கு விசிலே கிடையாது, அதையும் எழுதினாள். மூன்றாவதில் விசிலுக்கென்று உள்ளே இருந்த பழைய செப்புத் தட்டு போயிருந்தது, அதை எடுத்துவிட்டு ஒரு டையோடு வைத்துப் பற்றவைத்தாள். நாலு நாள் வேலை. முதுகு பிடித்துக்கொண்டது. கண்ணாடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக் காது மடல் புண்ணானது. அதன் பிறகு ஊதியது பாருங்கள் ஒரு ஊது, அடுப்படியில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. அப்படி ஊதின பெட்டியை வியாழக்கிழமை டாக்டர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள், வெள்ளிக்கிழமை அது செத்துவிட்டதாம், சனிக்கிழமை சிவப்பு ஸ்டிக்கரோடு திரும்பி வந்துவிட்டது.

செத்ததை அவளிடம் வந்து சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. குரூப்பில் சொன்னார். நாற்பத்தாறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில், எழுதக்கூடச் சோம்பல்பட்டு, குரலில் பேசி அனுப்பினார். "மூணாம் நம்பர் பெட்டியில விசில் சுத்தமா டெட். மேடம் பாவம், வயசாச்சு. பார்த்ததாச் சொல்றாங்க, பார்க்கலை போல. அதைப் பிரிச்சு உதிரிக்கு வச்சுக்கிட்டு நாம புதுசா ஒண்ணு வாங்கிரலாம்." பாவமாம். பாவம் என்று சொன்னதுதான் எல்லாவற்றையும் விடத் தைக்கிறது. திருடி என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டைக்குப் போகலாம், பாவம் என்றால் என்ன செய்வது? அதற்கு எட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கிப் போட்டிருந்தார்கள், ஒருத்தர் கைகூப்பியிருந்தார், எதற்குக் கைகூப்பு, யார் செத்துப்போனது இங்கே? அவள் அந்தக் குரலைப் பதினோரு தடவை போட்டுக் கேட்டுவிட்டாள். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தவமணி, கட்டிய புருஷன், நியாயமாக அவள் பக்கம் நிற்க வேண்டிய ஆள், பேப்பரை மடிக்காமலே சொன்னார்: "விடேன் பவளம். நல்ல மனுஷன். என் கடைவாய்ப் பல்லை வலி தெரியாம எடுத்துவிட்டவரு."

"உங்க பல்லை எடுத்தா என் பேரையும் எடுத்துரலாமா?"

"பொம்மை ரயிலுதானே."

பொம்மையாம். கரண்டுக்குப் பொம்மை என்றும் நிஜம் என்றும் தெரியுமா? தொட்டால் உதறும், இந்தாளுக்கு அதைச் சொன்னால் புரியாது, ஸ்கூல் ஆபீஸில் ஃபைல் தைத்த மனுஷன். அவள் பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். இளஞ்சூடு. ஒன்பதே கால். மூக்கைக் கொண்டுபோய் மோந்தாள். பழைய மெழுகு வாசனை, கொஞ்சம் தூசி சுடுகிற வாசனை, கருகல் இல்லை. கருகல் வந்தால் அவள் மூக்கு முன்கூட்டியே சொல்லிவிடும், பட்டறையில் அவளுக்குப் பேரே மூக்குக்காரி. மெச்சித்தான் வைத்தார்களோ, கேலிக்கு வைத்தார்களோ. சோதனை அறையில் அவள் ஒருத்திதான் பொம்பளை. அவள் எழுதிய ஒவ்வொரு சீட்டையும் பின்னாலேயே ஒரு ஆம்பளை வந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவான். வேண்டுமென்றே, அவள் நிற்கும்போதே, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, சரியாத்தான் இருக்கு என்று ஆச்சரியப்பட்ட மாதிரி சொல்வான். அந்த ஆச்சரியத்தை முப்பத்தோரு வருஷம் முழுங்கியாயிற்று. இனி எதற்கு முழுங்க வேண்டும்? ரிட்டயர் ஆனவள், எவனுக்கும் எழுந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லாதவள்.

டாக்டர் என்ன தப்பு செய்திருப்பார் என்பது அவளுக்குப் பெட்டியைப் பார்க்காமலே தெரியும். ரயில் ஓடுகிற கரண்ட் இப்படியும் அப்படியும் மாறி மாறிப் பாய்கிறது. விசில் கைப்பிடியை அழுத்தினால் அதோடு ஒரே பக்கமாகப் பாய்கிற கரண்ட் கொஞ்சம் கலக்கும். கரிவண்டிக்குள் ஒரு சின்னக் காந்தம் அந்தக் கலப்புக்காகவே காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அது வந்ததும் டக்கென்று பிடித்துக்கொண்டு விசிலை ஊதவைக்கும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் தண்டவாளத்தில் ஏதாவது ஒன்று கரண்டைத் தின்றுகொண்டிருந்தால்தான் அந்தக் கலப்பு ஒழுங்காக வரும். எஞ்சின் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பல்பாவது எரிய வேண்டும். அதற்குப் பேர்தான் லோடு. எஞ்சினும் கரிவண்டியும் இவள் மேஜையில் இருக்கின்றன, டாக்டர் வீட்டில் பெட்டி மட்டும்தான். வெறும் பெட்டியில் மீட்டரை வைத்து, கைப்பிடியை அழுத்தி, ஒன்றும் வரவில்லையே என்று ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார். லோடு வைக்காமல் பார்த்துவிட்டு டெட் என்று எழுதுவது! இதைவிட அநியாயம் உண்டா? வேலையைச் செய்தவளைக் கூப்பிட்டு, ஏம்மா, எப்படிப் பார்த்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டானா மனுஷன்? லோடு வைக்காமல் பார்த்துவிட்டு ஒருத்தியின் பேர் மேலே சிவப்பை ஒட்டுகிறவனை என்ன செய்தால் தகும்? ஜெசிந்தா. இந்தப் பேர் எதற்கு இப்போது வருகிறது? அது வேறு. அது வேறு விஷயம், அந்தக் கதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெட்டி சூடாகிறதா? ஆகிறது, அளவாகத்தான். ஒன்பதரை.

வந்ததும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். உட்காருங்கள் என்று சொல்லக் கூடாது. நிற்கட்டும். டாக்டர், நீங்கள் ஒரு பல்லைத் தட்டிப் பார்க்காமல் பிடுங்குவீர்களா? இது நன்றாக இருக்கிறது. தட்டிப் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல், வாயைத் திறக்கச் சொல்லாமல் பிடுங்குவீர்களா? பிறகு, குரூப்பில் சொன்னதைக் குரூப்பிலேயே திருப்பி வாங்குங்கள், அதே குரலில், அதே நாற்பத்தாறு பேர் கேட்க. வாங்க மாட்டார். சிரிப்பார். சிரித்துவிட்டு, மீட்டர்ல வரலை, நான் என்ன செய்யட்டும் என்பார். மீட்டர்ல வரலை, நான் என்ன செய்யட்டும். இந்த வாக்கியம் அவருடையது இல்லையே, அவர் இன்னும் வரவே இல்லையே, இது யார் சொன்னது? உள்ளங்கைக்குக் கீழே பெட்டி ஹூம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சொன்னது அவள்தான். சரி, அவள்தான் சொன்னாள், இப்போ என்ன? இருபத்தேழு வருஷம் ஆயிற்று. ஜெசிந்தா அப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம், ஒல்லிப் பெண், சேலையை ஊசி குத்தி இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவாள். ரயில் பெட்டி விளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கிற ரெகுலேட்டர் ஒன்றைத் தனியாகச் சரிசெய்து, அவள் தனியாகச் செய்த முதல் பெட்டி அது, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சோதனை அறைக்கு வந்தாள். நாற்பது பல்பு மாட்டிய லோடு பலகை வேறு வேலையில் இருந்தது. சாப்பாட்டுச் சங்கு ஊத ஐந்து நிமிஷம். பவளக்கொடி பலகை இல்லாமலே மீட்டரை வைத்தாள். முள் நிற்காமல் ஆடியது. லோடு இல்லாவிட்டால் ஆடத்தான் செய்யும், அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். பசி. அதோடு காலையில் எவனோ ஒருவன் அவள் பார்த்த பெட்டியைத் திரும்பப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டிருந்தான், அந்த எரிச்சல். தேறாத பெட்டிக்குக் கட்டுகிற சிவப்பு அட்டையை எடுத்துக் கட்டினாள். ஜெசிந்தா, "அக்கா, பல்பு போட்டுப் பார்த்தீங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். "பார்த்தாச்சு. மீட்டர்ல வரலை, நான் என்ன செய்யட்டும்?" என்று இவள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்துப் பலகை காலியானதும் அவளே மாட்டிப் பார்த்தாள். நாற்பது பல்பும் எரிந்தன, முள் ஆணி அடித்த மாதிரி நூற்றுப் பத்தில் நின்றது. அட்டையை அவிழ்த்து ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு, பெட்டியை வண்டியில் மாட்ட அனுப்பிவிட்டாள். அதற்குள் ஜெசிந்தாவின் வேலை தேறவில்லை என்று ரெஜிஸ்டரில் ஏறிவிட்டது. ஃபோர்மேனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், பொம்பளையைச் சோதனை அறையில் போட்டதே தப்பு என்று அதற்காகவே காத்திருந்தவர்கள் பத்துப் பேர். சரி, அந்தப் பயம் நியாயம்தானே? நியாயம்தான். ஜெசிந்தாவுக்கு அந்த வருஷம் கிரேடு உயர்வு கிடைக்கவில்லை. பேட்டரி ரூமுக்கு மாற்றினார்கள். ஒன்பது வருஷம் ஆசிட்டில் நின்றாள். கேன்டீனில் எதிரே வரும்போது அவள் சேலைக் கீழ்க்கரையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும். பவளக்கொடி அந்த ஓட்டைகளைப் பார்க்காமல் இருப்பதற்காகவே முகத்தைப் பார்த்துப் பேசுவாள், சாப்பிட்டாச்சா ஜெசி என்று.

அதற்காக? அதற்காக டாக்டர் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது! தப்பு தப்புதான். அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கோபம் இருந்தது, நன்றாகவே இருந்தது, ஆனால் யார் மேலே என்று பிடி கிடைக்காமல் ஆடியது. வெளியே ஸ்கூட்டர் நிற்கிற சத்தம். பத்து அடிக்க இரண்டு நிமிஷம். தவமணி கதவைத் திறந்து, "வாங்க டாக்டர், வாங்க, அந்தப் பக்கத்துல இப்ப முறுக்கே கடிக்க முடியுது" என்று வாயைத் திறந்தே காட்டினார். டாக்டர் உள்ளே வந்து செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு மேஜை முன்னால் நின்றார்.

"என்னம்மா, ஓடிட்டிருக்கு போல?"

"ஒரு மணி நேரமா ஓடுது. தொட்டுப் பாருங்க, சூடு அளவாத்தான் இருக்கு." அவள் பல்பின் கம்பியைக் கழற்றி, மீட்டரின் இரண்டு கம்பிகளையும் பெட்டியில் மாட்டினாள். "கைப்பிடியை அழுத்துங்க."

அழுத்தினார். முள் அசையவில்லை. "இதைத்தாம்மா நானும் பார்த்தேன்."

"இப்ப அழுத்துங்க." பல்பைத் திரும்ப மாட்டினாள். முள் துள்ளி எழுந்து, கொஞ்சம் இறங்கி, நின்றது. பிறகு அவள் எஞ்சினையும் கரிவண்டியையும் இரண்டடித் தண்டவாளத்தில் தூக்கி வைத்து, கம்பியை அதற்கு மாற்றினாள். அவர் அழுத்தினார். கரிவண்டி ஊதியது. கூடத்தில் தவமணி பேப்பரைக் கீழே போட்டார். டாக்டர் கையை எடுக்கவே இல்லை, ஊதவிட்டுக்கொண்டே, "அட! அடடடா!" என்றார்.

"லோடு வச்சுப் பார்த்தீங்களா டாக்டர்?" ஒரு மணி நேரமாக இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். கேட்டுவிட்டு, பார்த்தேனே என்று சொல்வார், சொல்லட்டும், சொன்னால் கிழித்துவிடலாம் என்று காத்திருந்தாள்.

"இல்லையேம்மா. அது வைக்கணுமா? எனக்குத் தெரியாது. சும்மா மீட்டரை வச்சேன், வரலை, ஒட்டிட்டேன். உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். தப்பு பண்ணிட்டேன்." அவர் நகத்தால் சிவப்பு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். எடுத்ததில் அவள் கையெழுத்திலும் பாதி உரிந்து வந்துவிட்டது. "அச்சச்சோ" என்றார். பிறகு போனை எடுத்து, அங்கேயே, அவள் முன்னாலேயே, வாயருகே வைத்துப் பேசினார். "சந்தானகிருஷ்ணன் பேசறேன். மூணாம் நம்பர் பெட்டி விசில் அருமையா வேலை செய்யுது. சரியாப் பார்க்காதது நான்தான், பவளக்கொடி மேடம் இல்லை. அவங்ககிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்." அனுப்பிவிட்டார். டிங் என்று இவள் போனும் சொன்னது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "போதுமாம்மா?" என்று கேட்டார், கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். பல்லைப் பற்றித் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் அவள் வாயிலேயே நின்றுவிட்டது. அவள் தலையை ஆட்டினாள். "அந்தச் சீட்டு கிழிஞ்சிருச்சு, புதுசா ஒண்ணு எழுதி வைங்க, சாயங்காலம் ஆள் அனுப்பி எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தவமணி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டாரே! தெரியாதாம், அதனால் தப்பாம், அதனால் மன்னிப்பாம். இவ்வளவு சுலபமா இது? ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சுலபமாக இருக்கலாமா? அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேலே இல்லை. தெரியாமல் செய்தவன் ஒரு நிமிஷத்தில் எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறான், தெரிந்து செய்தவள் இருபத்தேழு வருஷம் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள். புதுச் சீட்டை எடுத்து 'சோதித்தது, நன்று' என்று எழுதினாள், தேதி போட்டாள், கையெழுத்துக்குப் பேனாவை வைத்தாள், வரவில்லை. சீ, என்ன ஜென்மம் நீ. பட்டறைக் குடும்பம் என்றொரு குரூப் இருந்தது, அதில் தினமும் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூப் படத்தோடு ஒரு வேத வசனம் வரும், ஜெசிந்தா அனுப்புவது. எல்லாரும் கைகூப்புவார்கள், இவள் மட்டும் ஒரு நாளும் கூப்பியதில்லை. அந்தப் பேரை அழுத்தினாள். மணி அடித்தது. மூன்று, நான்கு. எடுக்காவிட்டால் நல்லது என்று நினைத்தாள், நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஸ்தோத்திரம், யாருங்க?"

"ஜெசி, நான் பவளம். சோதனை ரூம் பவளம்."

"அக்கா! நல்லாயிருக்கீங்களா அக்கா? என்ன அதிசயமா..."

"ஜெசி, அந்த ரெகுலேட்டர். உன்னோட முதல் பெட்டி. நான் பல்பு போடாமத்தான் பார்த்தேன். பார்த்தாச்சுன்னு சொன்னது பொய். ரெண்டு நாள் கழிச்சுப் பல்பு போட்டுப் பார்த்தேன், நல்லாயிருந்துச்சு. தெரிஞ்சே யார்கிட்டயும் சொல்லாம விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது. யாரோ அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"பெட்டி நல்லாயிருந்தது எனக்குத் தெரியும்கா" என்றாள் ஜெசிந்தா. "பிரிக்காமலே அதை வண்டியில மாட்டினதை நானே நின்னு பார்த்தேன். உங்களுக்குத் தெரியாதுன்னுதான்கா இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்."